வெடிப்பின் மேல் அடித்த வெள்ளை

அப்போது நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சூறாவளி ஓய்ந்த நாலாம் நாள், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பார்க்க அரசாங்க என்ஜினியர் வருவதாகத் தகவல் வந்தது. மண்சரிவு அபாயம் என்று அவர் எழுதினால், அரசாங்கம் வேறு இடம் தரும்.

பெரிய மனிதர் யார் வந்தாலும் லயத்துக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். சுவர் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். கடைசிக் காம்பராவில் குடியிருந்த முத்தம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"பூசாதீங்கய்யா. மேல மலையே பொளந்து கெடக்கு. வர்றவரு பாக்கட்டுங்க."

"அரசாங்கத்து ஆளுகிட்ட இந்த அசிங்கத்தயா காட்டுறது? தள்ளு" என்றேன்.

என்ஜினியர் ஜீப்பில் வந்தார். சப்பாத்து சேறாகும் என்று மலைமேல் ஏறவில்லை. கும்பிட்டபடி பின்னாலேயே நடந்த முத்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சுவர் உறுதியாத்தானே இருக்கு" என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி மழை. மலை சரிந்து பாதி லயத்தை மூடியது. முத்தம்மாவையும் அவள் புருஷனையும் தோண்டி எடுத்தபோது, மண்வெட்டியில் முதலில் தட்டுப்பட்டது வெள்ளைச் சுவர்த் துண்டு.

பிழைத்தவர்களுக்கு இடம் கேட்டு மனுப் போட்டோம். "பரிசோதனையில் வெடிப்பு எதுவும் காணப்படவில்லை" என்று அரசாங்கத்திலிருந்து பதில் வந்தது. மலையேறிப் பார்ப்பது அவர்கள் கடமை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை லயத்து ஜனங்களுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். வெடிப்பு எங்கே போனது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.