செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்: பாகூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு

போன ஐப்பசியில் என் தங்கை செல்வி போய்விட்டாள். கர்ப்பப்பைக் கட்டியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கவே இல்லை. எங்கள் ரத்தம் சீக்கிரம் உறையாது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதன் பிறகு சோதித்ததில் எனக்கும் அதே வியாதி. எனக்குப் பித்தப்பையில் கல் வேறு. எடுப்பதா, விடுவதா என்று கேட்கத்தான் இந்த மாசியில் புதுச்சேரி போனேன். என்னைப்போல் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பாகூரில் காலை ஆறரைக்கு டவுன் பஸ். முக்கால் மணி நேரம், டிக்கெட் இருபது ரூபாய். செல்வியின் வீட்டுக்காரர் குமார் துணைக்கு வந்தார். கண்டக்டர் ஒரு பையனை எழுப்பிவிட்டு எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். "ஸ்கேன் கவர மடிச்சிடாதம்மா, டாக்டரு உன்னத்தான் திட்டுவாரு" என்றார்.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் குமார் மெதுவாகச் சொன்னார்: "கல்லு சும்மாத்தான கீது? வுட்டுடலாம்கா. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது."

நானும் வேண்டாம் என்ற நினைப்பில்தான் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகப் பேசினார். "இப்ப அவசரமில்லமா. ஆனா ரெண்டு தடவ வலி வந்துடுச்சி. திடீர்னு முத்திப்போயி எங்கயோ ஒரு எடத்துல அறுக்க வேண்டி வந்தா, உங்களுக்கு வேண்டிய மருந்து அங்க இருக்காது. இப்பன்னா முன்னாடியே மருந்து ஏத்திட்டுச் செய்யலாம். ஆபத்தே இல்லன்னு சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழம வரீங்களா?"

"செவ்வாயா? வூட்ல சாவு நடந்து ஆண்டு கூட திரும்பலயே. வெள்ளிக்கிழம கெடைக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"வெள்ளி வேணாம். அடுத்த ரெண்டு நாள் ஆளு கம்மி. ஆபரேஷனுக்கு அப்புறம்தான் உங்க ரத்தத்தத் தெனமும் பாக்கணும். செவ்வாய்னா நாங்க எல்லாரும் இருப்போம்."

குமார் தலை நிமிரவில்லை. "செல்விக்கு வெள்ளிக்கிழமதான் நாள் பாத்தோம்" என்றார். பிறகு, "இன்னாக்கா சொல்ற?" என்று என்னைக் கேட்டார்.

"செவ்வாயே போட்டுக்குங்கம்மா" என்றேன்.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். வலிக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பல் பிடுங்கினாலும் முதலில் வியாதியைச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். மதியம் இரண்டுக்குள் திரும்பிவிடலாம்.

இடம் கொடுத்த கண்டக்டருக்கும், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன டாக்டரம்மாவுக்கும் நன்றி. ஆஸ்பத்திரி வாசலையே இனி மிதிக்கமாட்டேன் என்றிருந்த குமார் எனக்காக வந்தார், அதை மறக்கமாட்டேன். செல்வி இல்லையென்றால் என் ரத்தத்தைப் பற்றி எனக்கே தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமையா போகிறாய் என்று ஊரில் கேட்கிறார்கள். தங்கைக்கு நல்ல நாள் பார்த்தாயிற்று. எனக்கு ஆள் இருக்கிற நாள் போதும்.