பரிசத்துக்குச் சுட்ட அதிரசம்

விமலா சுட்ட அதிரசத்தைத் தின்னவங்க யாரும் ஒரு குறை சொன்னதில்ல. சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டுல பிறந்தவ, இப்ப சிலிபின்ல எனக்குப் பக்கத்து வீடு. பகல்ல கையுறை ஃபேக்டரி, வேலை விட்டு வந்தா வெல்லப் பாகு. புருஷன் இல்ல. ஒரே மக பிரமிளா, ஈப்போவுல ஒரு கிளினிக்ல வேலை. அவளுக்காகத்தான் இந்த ஓட்டமெல்லாம்.

சரக்கு நல்லா இருந்து என்ன, விக்கத் தெரியல. வாட்ஸ்அப்ல "அதிரசம் உண்டு"ன்னு ஒரு வரி போட்டுட்டு உக்காந்திருப்பா. சின்ன வியாபாரிங்களுக்கு விளம்பரம் எழுதச் சொல்லித் தர்றாங்கன்னு தாப்பாவுல ஒரு வகுப்புக்குப் போனா. டை கட்டின ஒருத்தன் சொன்னானாம்: "சாமானை விக்காதீங்க, கதையை வித்துப் பாருங்க. பேரைப் போடுங்க, பட்ட கஷ்டத்தைப் போடுங்க. படிக்கிறவன் கண்ணு கலங்கணும்." நாசமாப் போறவன்!

அந்த மாசம்தான் பிரமிளாவோட பரிசம் நின்னு போயிருந்துச்சு. வீடு நிறைய அதிரசம் சுட்டு வச்சாச்சு, காலையில மாப்பிள்ளை வீட்டுக்காரன் போன் பண்ணி வரலன்னுட்டான். "நான்தான் வேணாம்னுட்டேன்"னு பிரமிளா கிளினிக்ல சொல்லிச் சமாளிச்சுக்கிட்டிருந்தா. அவ மானத்துக்கு அந்தப் பொய் ஒண்ணுதான் மறைப்பு.

விமலா எழுதுனா: "என் மக பிரமிளா பரிசத்துக்குச் சுட்ட அதிரசம். மாப்பிள்ளை வீடு வரல. அவளே அழுதுக்கிட்டு டப்பாவுல அடுக்கினா." மக போட்டோவையும் போட்டா. மககிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

ஐயோ, பத்திக்கிச்சு லா! பினாங்குல இருந்தெல்லாம் ஆர்டர். மருந்து வாங்க வந்த பொம்பள ஒருத்தி பிரமிளா கையைப் பிடிச்சு, "அழாத பொண்ணு"ன்னிருக்கா. அன்னைக்கே பிரமிளா பையை அடுக்கிட்டா.

"உனக்கு விக்கிறதுக்கு நான்தான் கெடச்சேனா, அம்மா?"

அவ்ளோதான் கேட்டா. ஜொகூருக்குப் போனா, அம்மா நம்பரை பிளாக் பண்ணா.

விமலா அந்தப் பதிவை அழிச்சா. ஊரே படம் பிடிச்சு வச்சிருக்கு, அழிச்சு என்ன செய்ய? இப்ப விளம்பரத்தை நான்தான் எழுதறேன். டப்பாவுல எத்தனை, எவ்வளவு நாள் தாங்கும், எங்க வந்து எடுக்கணும், பகல் வெளிச்சத்துல பிடிச்ச ஒரு போட்டோ. போதும், விக்குது. சாமானைப் பத்தி எவ்வளவு வேணாலும் பெருமை பேசு. வீட்டு ஆளைப் பத்தி எழுதணும்னா அந்த ஆளைக் கேட்டுட்டு எழுது. அந்த டைக்காரன் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் வயிறு எரியுது.

விமலாவுக்கு இருந்தது ஒரே நெனப்புதான். கல்யாணம்னு வந்தா மக எப்படியும் கூப்பிடுவா. "சீர்த்தட்டு அதிரசம் நான்தான் சுடணும் காளிக்கா, வேற யாரையும் விடமாட்டா"ன்னு எங்கிட்டச் சொல்லுவா.

போன வாரம் வாடிக்கைக்காரி ஒருத்தி விமலாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினா. ஜொகூர்ல ஏதோ ஒரு கோயில், மாலையும் கழுத்துமா பிரமிளா. கீழ அந்த வாடிக்கைக்காரி எழுதியிருந்தா: "அக்கா, உங்க கதை சுபமா முடிஞ்சிருச்சு! இதையும் விளம்பரத்துல போடுங்க, ஆர்டர் பிச்சுக்கும்."

நான் போனைப் பிடுங்கப் போனேன். விமலா விடல. படத்தைப் பெருசாக்கி மக முகத்தைத் தடவினா. அப்புறம் கீழ நகர்த்தி, வரிசையா இருந்த சீர்த்தட்டுங்களை ஒவ்வொண்ணா பார்த்தா. பழம், லட்டு, கேக்கு. அடுப்புல எண்ணெய் புகைஞ்சுக்கிட்டு கெடந்துச்சு, நான்தான் போய் அணைச்சேன்.

"ஒரு தட்டுல கூட அதிரசம் வைக்கலக்கா"ன்னா.