மஞ்சள் சட்டை எந்தப் பக்கம்

உலகக் கோப்பை என்றால் இன்றைக்கும் எனக்கு ஒரு பச்சை நிறம்தான் கண்ணில் வரும். யார் ஜெயித்தால் என்ன, அந்தப் பச்சை போதும்.

சித்தப்பாவுக்கோ பிரேசில் என்றால் உயிர். வற்றிய ஏரிக்குள் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர். ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்த அந்த வருஷம் ஆட்டமெல்லாம் நமக்குப் பகலில் வந்தது. கூலி வேலைக்குக்கூடப் போகாமல் எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் கிடந்தார்.

இறுதி ஆட்டத்தில்தான் வந்தது வினை. பிரேசிலுக்கு மஞ்சள் சட்டை, ஜெர்மனிக்கு வெள்ளை. எங்கள் டிவியில் இரண்டும் ஒரே வெளுப்பு. வர்ணனையோ இந்தி. சித்தப்பா யார் பந்தைக் கொண்டுபோனாலும் குதித்தார், பிறகு சந்தேகம் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் பெரியப்பாவிடம் கலர் டிவி இருந்தது. ஆனால் போன ஆடியில் அம்மனுக்குக் கூழ்ப்பானையை யார் தூக்குவது என்று அண்ணன் தம்பிக்குள் மூண்ட சண்டையில் பேச்சே நின்றுபோயிருந்தது. பெரியம்மா மடியில் படுக்க முடியாமல் போனதில் எனக்கு அவ்வளவு அழுகை.

"நைசா போயி, மஞ்சா சட்ட எந்தப் பக்கம் ஆடிக்கினு கீதுன்னு பாத்துக்கினு ஓடியா. நான் அனுப்பனேன்னு சொல்லாத" என்றார் சித்தப்பா.

போனேன். அடேயப்பா, அந்தப் பச்சை! எங்கள் நாற்றங்காலில்கூட அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. அதன்மேல் மஞ்சள் மஞ்சளாய் ஆட்கள் மிதந்தார்கள். வந்த காரியம் மறந்தே போனது. பெரியம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டு, அவித்த வேர்க்கடலையைக் கையில் கொட்டினார். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

"ஏ பொண்ணே, இன்னா பண்ணிக்கினு கீற?"

வாசலில் சித்தப்பா. செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் கண் என்மேல் இல்லை, டிவியில் இருந்தது.

பெரியப்பா திரும்பவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து, "நின்னுக்கினு இன்னாடா பாக்குற? குந்து" என்றார்.

சித்தப்பா உட்கார்ந்தார். பிரேசில் கோல் போட்டதும் சித்தப்பா "அண்ணா!" என்று கத்திப் பெரியப்பாவைக் கட்டிக்கொண்டார். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

ஐயோ பாவம், இவர் ஜெர்மனி கட்சி போலிருக்கிறது என்று எனக்கு மனசு உருகிவிட்டது. அருகில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அழாத பெரிப்பா. ஒரு கோலுதான. இன்னும் டைம் கீது."