சம்சாத்திடம் சொல்ல வேண்டியது

திருத்தங்கலில் டைரி வேலை பார்ப்பவர்களுக்குப் புத்தாண்டு ஆடி மாதத்திலேயே வந்துவிடும். ஊரெல்லாம் ஆகஸ்டில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது, கற்பகவல்லியின் மேசையில் அடுத்த வருடத்து ஜனவரி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பதினோரு வருடமாக இப்படித்தான். இன்னும் யாருக்கும் வராத நாட்களை அவள் கை தொட்டுத் தொட்டு அடுக்கும். ஆனால் ஒரு டைரியில்கூட அவள் ஒரு வரி எழுதியதில்லை. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் டைரியைத் திறந்தால் மட்டும் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். இதில் அப்படி என்னத்தைத்தான் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தீராத ஆசை.

அந்த ஆசையைக் கிளறிவிட்டது முதலாளி கனகசபாபதியின் மருமகள் ரோஷினி. கம்பெனிக்கு வந்த முதல் வருடத்திலேயே டைரியின் முன்பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். மேலே ‘இந்த ஆண்டில் நான்’ என்ற தலைப்பு, கீழே ஐந்து கோடுகள். ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கொண்டுபோகும் மாதிரி ஆல்பத்தில் வெறும் கோடுகளை வைத்தால் யாருக்கும் புரியாது, கையால் எழுதிய பக்கம் ஒன்று வேண்டும் என்றாள். கட்டுகளின் மேல் மாதத்தின் பெயரை எழுதி ஒட்டுகிறவள் கற்பகவல்லிதான். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் பேனா அவள் கைக்கு வந்தது.

நாலு கோடு சீக்கிரம் நிரம்பியது. காலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். தேநீரில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். மகனிடம் கத்தாமல் பேச வேண்டும். ஐந்தாவதில் கை நின்றுவிட்டது. எதையாவது எழுதுங்கக்கா, ஆல்பத்துக்குத்தானே என்றாள் ரோஷினி. ஆல்பத்துக்குத்தானே என்ற தைரியத்தில், மூன்று வருடமாக வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிய ஒன்றைக் கற்பகவல்லி எழுதிவிட்டாள்.

‘சம்சாத்திடம் ஏப்ரல் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.’

சம்சாத் ஏழு வருடம் அவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள். அவர்கள் செய்தது ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் வரும் டைரி. பதினாறு பக்கம் கொண்ட ஒரு மடிப்பைப் பாரம் என்பார்கள். மாதத்துக்கு ஒரு பாரம். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு அடுக்குகள் இருக்கும். பெண்கள் சுற்றி நடந்து ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சேர்த்தால் ஒரு வருடம் ஆயிற்று. குறைகிற அடுக்கில் புதுக் கட்டைப் பிரித்து வைப்பது சம்சாத்தின் பொறுப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால், சீசன் மும்முரத்தில் ஒருநாள், மகள் நாதியாவின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று சம்சாத் முதலாளியிடம் சொல்லாமல் ஒரு மணி நேரம் வெளியே போனாள். அடுக்கைப் பார்த்துக்கொள்ளும்படி கற்பகவல்லியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் ஏப்ரல் தீர்ந்தது. கற்பகவல்லி மேசைக்கடியில் கைவிட்டு ஒரு கட்டை இழுத்தாள், பிரித்தாள், வைத்தாள். அது மார்ச். எண்ணூறு டைரிகள் இரண்டு மார்ச்சோடு, ஏப்ரலே இல்லாமல் போய்ச் சேர்ந்தன. ஆர்டர் கொடுத்த பார்ட்டி சண்டைக்கு வந்தபோது கட்டு வைத்தது யார் என்று முதலாளி கேட்டார். எல்லோரும் சம்சாத்தைக் காட்டினார்கள். மேசைக்கடியில் பிரிக்காமல் கிடந்த ஏப்ரல் கட்டை அன்று காலையிலேயே பார்த்துவிட்ட கற்பகவல்லி, வாயைத் திறக்கவில்லை. வெளியே போன கதையைச் சொன்னால் அது தனிக் குற்றம் என்பதால் சம்சாத்தும் திட்டை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவளைத் தெருவில் தூரத்தில் கண்டாலே கற்பகவல்லி வேறு சந்தில் திரும்பிவிடுவாள்.

அந்தப் பக்கம் ஆல்பத்தோடு போய்விட்டது என்றுதான் நினைத்தாள். ஐப்பசியில் விருதுநகர்ப் பாத்திரக்கடை ஒன்றின் ஆர்டர் மேசைக்கு வந்தது. முன்பக்கத் தாள் ஒன்றை எடுத்தவள் அப்படியே நின்றாள். அவளுடைய எழுத்து. அடுத்ததிலும் அதே. கம்ப்யூட்டரில் ஆல்பத்துக்கான பக்கமும் அச்சுக்கான பக்கமும் ஒரே இடத்தில் கிடந்திருக்கின்றன. டிசைன் செய்யும் மணிகண்டராஜ் அவசரத்தில் எழுதிய பக்கத்தை அச்சு பிளேட்டுக்கு அனுப்பிவிட்டான். இரண்டாயிரம் பிரதி.

ரோஷினிக்கு முகம் வெளுத்துவிட்டது. கனகசபாபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஐந்து வரியையும் படித்தார். பார்ட்டிக்குப் போன் போட்டார். வாங்குகிறவர்களுக்கு யோசிக்கிற வேலை மிச்சம், அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

“அதென்னம்மா ஏப்ரல் விஷயம்?” என்று போகிற போக்கில் கேட்டார்.

“சும்மா எழுதுனது மொதலாளி,” என்றாள் கற்பகவல்லி.

அவருக்கு அந்த எண்ணூறு டைரி நினைவிலேயே இல்லை. அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் திகைப்பாகவும் இருந்தது. ஒருத்தியை அழ அழப் பேசியதை இவ்வளவு சுலபமாக மறக்க முடியுமா?

அந்தப் பெயரை மட்டும் மறைத்து ஒரு தாள் ஒட்டலாமா என்று ரோஷினி கேட்டாள். சரி என்று சொல்ல ஒரு விநாடி போதும். கற்பகவல்லி சொல்லவில்லை. தானாகச் சொல்ல வராதது இப்படியாவது போய்ச் சேருமா, சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அவளுக்குத் தோன்றியது. பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட அந்த ஆவல் ஒரு பிடி கூடுதலாக இருந்தது. இரண்டாயிரம் டைரியையும் தன் கையாலேயே சேர்த்து அனுப்பினாள்.

மார்கழியில் செய்தி வர ஆரம்பித்தது. சர்க்கரை வரிக்கு நேராக டிக் அடித்துவிட்டதாக ஒருவர் கடையில் வந்து சொன்னாராம். ஸ்கூட்டி வரியைப் படித்துவிட்டு ஒரு பெண் தன் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டாளாம். ஆனால் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். யார் அந்த சம்சாத்? ஏப்ரலில் என்ன நடந்தது? கடைக்காரரே தாங்கமாட்டாமல் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். சம்சாத் போன பிறகு மேசைக்கு வந்த பாண்டிமீனா தினம் ஒரு கதை கட்டினாள். ஒருநாள் அதில் நகை வந்தது, மறுநாள் காதல் வந்தது. கற்பகவல்லி சிரித்து வைத்தாள்.

வருடம் பிறக்க நாலு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர். எதிரே சம்சாத் வந்து நின்றாள். கக்கத்தில் டைரி. அவள் மச்சான் விருதுநகரில் குக்கர் வாங்கியதற்குக் கடையில் கொடுத்தார்களாம்.

“இது ஒன் எழுத்துதான?” என்றாள் சம்சாத்.

கற்பகவல்லி தலையாட்டினாள்.

“ஊர்ல எம்புட்டு சம்சாத்து இருக்கு. இது யாரு?”

“நீதான்.”

“அப்ப சொல்லு. என்னதான் சொல்லணும்? நாலு நாளா எனக்கு ஒறக்கம் இல்ல.”

குடம் நிரம்பி வழிந்தது. இருவரும் குழாயை அடைக்கவில்லை. கற்பகவல்லி தரையைப் பார்த்தபடி சொன்னாள். மேசைக்கடியில் கைவிட்டது, கட்டை வைத்தது, பார்ட்டி வந்த நாள் காலையில் ஏப்ரலைப் பார்த்தது, பார்த்தும் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

சம்சாத் கத்தவில்லை.

“நாந்தான் வச்சேன்னு நெனச்சேன்டி இம்புட்டு நாளும்,” என்றாள். “வெளிய போற அவசரத்துல நாந்தான் மாத்தி வச்சிட்டேன்னு. இப்ப வேல பாக்குற எடத்துல ஒவ்வொரு கட்டையும் மூணு தடவ பாக்கேன். அங்கன எனக்குப் பேரு என்ன தெரியுமா? ஆமை.”

கற்பகவல்லி முதலாளியிடமும் நாளைக்கே சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

“அவருக்கு என்ன நெனவு இருக்கப்போகுது. எங்க வீட்லதான் இருக்கு. உப்பு மறந்தாலும், சாவிய எங்கயாச்சும் வச்சாலும், ‘ஏப்ரல் வருது’ன்னு பிள்ளைக சிரிக்கும். நானும் சேந்து சிரிப்பேன். வா, வந்து அதுககிட்ட சொல்லு.”

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. சம்சாத் முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் நாதியாவும் தம்பி ரியாஸும் இருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் சொல்வதுதான் கற்பகவல்லிக்கு அதிகச் சிரமமாக இருந்தது. சொல்லி முடித்ததும் ரியாஸ் எழுந்து வெளியே போய்விட்டான். நாதியா போகவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அதோடு ஒரு கேள்வியும் இருந்தது.

“அது எப்படி அத்த, எண்ணூறு டைரிலயும் ஒரு மாசம் காணாமப் போயிருக்கு, அத்தன பேர் கை பட்டும் ஒருத்தருக்கும் தெரியல?”

கற்பகவல்லி அலமாரியிலிருந்த டம்ளர்களைக் கேட்டு வாங்கித் தரையில் வட்டமாக வைத்தாள். பன்னிரண்டு அடுக்கு, பன்னிரண்டு டம்ளர். எல்லாப் பாரமும் ஒரே கனம், ஒரே நிறம். கை எண்ணிக்கையைத்தான் பார்க்கும், கண் தாளைப் படிக்காது. பன்னிரண்டு எடுத்தோமா, சரி. அப்படித்தான் போனது என்று சுற்றி வந்து காட்டினாள்.

சம்சாத் அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். தேநீர் போடவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்து குனிந்து நாலாவது டம்ளரை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

“அங்கன இல்ல. ஏப்ரல் சன்னல் பக்கம் இருந்துச்சு. நெழலு விழும்.”

“ஆமா,” என்றாள் கற்பகவல்லி.

“கட்டு மேல மாசம் எழுதி ஒட்டியிருந்துச்சே. அதப் பாக்கலையா?”

“பாக்கல.”

“ஒன் எழுத்துதான அது.”

சம்சாத் சேலையை ஒதுக்கிக்கொண்டு, டம்ளர்களுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

“மொதல்ல இருந்து சொல்லு,” என்றாள். “நான் வெளிய போனதுல இருந்து.”