கடலூரில் திரும்பிய படகு

லூர்து அக்கா போய்விட்டார் என்று அவருடைய அண்ணன் அந்தோணிதான் போனில் சொன்னார். "செல்வி, உங்க அக்கா தூக்கத்துலயே போயிட்டாம்மா."

நாகப்பட்டினத்தில் எங்கள் கல்லூரியில் அக்கா உடற்கல்வி ஆசிரியை. அவர் விசிலுக்குப் பயந்து மைதானத்தைச் சுற்றி ஓடிய பலர் இதைப் படிக்கக்கூடும். சொந்த ஊர் புதுச்சேரி. மாணவியாக இருந்தபோதே பாய்மரப் படகு ஓட்டக் கற்றவர். திருவாரூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனை வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அண்ணன் கதவைச் சாத்தினார். அதன் பிறகு புதுச்சேரி வழியாகப் போகும் பஸ்ஸில்கூட அக்கா ஏறியதில்லை.

அக்கா ஓய்வுபெற்ற பிறகு அண்ணனே கூப்பிட்டார். இதய ஆபரேஷனுக்காக அவரைச் சென்னைக்கு அழைத்துப் போக இருந்தார்கள். அதற்கு முன்னால் தங்கையைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா தெரிந்தவரிடம் ஒரு பாய்மரப் படகைக் கேட்டு வாங்கினார். துணைக்கு நான். வணிகவியல் பாடம் நடத்துகிற எனக்கு வாய்க்காலில் நீந்தத்தான் தெரியும். பஸ்ஸில் போகலாமே என்றேன்.

"வாசப்படிய மிதிக்காதன்னுதான் சொன்னான். கடலப் பத்தி ஒண்ணும் சொல்லலயே" என்றார். சிரிக்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே போய், பழையாறு துறைமுகத்தில் இரவு தங்கி, விடிந்ததும் மறுபடி கிளம்பினோம். கொள்ளிடத்தின் செம்மண் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் கலங்கிக் கிடந்தது. அக்கா ஊர் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடலூருக்கு நேராக வந்தபோது வடக்கே புதுச்சேரிக் கலங்கரை விளக்கம் குச்சிபோல் தெரிந்தது. அங்கே கடற்கரையில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை அவருக்குச் சென்னைப் பயணம்.

மேற்கே வானம் கறுத்தது. "செல்வி, குனிஞ்சுக்க" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் காற்று அறைந்தது. பாயைத் தாங்கும் கட்டை சுழன்று வந்து என் தோளில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. அக்கா பாயை இறக்கினார், என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார், அவசரத்துக்கென்று படகின் பின்னால் பொருத்தியிருந்த சின்ன மோட்டாரின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். கரை விலகிக்கொண்டே போனது. கடைசியில் மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பியது.

அவர் வடக்கே ஒருமுறை பார்த்தார்.

"போயிடலாங்க்கா. நான் தாங்கிக்குவேன்" என்றேன்.

"நீ தாங்குவ. என்னால தாங்க முடியாது" என்று சுக்கானைக் கடலூர்ப் பக்கம் திருப்பினார். அதன் பிறகு துறைமுகம் வரும்வரை வடக்கே திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, மகனின் தோளைப் பிடித்தபடி ஒரு பெரியவர் மெல்ல நடந்து வந்தார். படகு திரும்பியதை அக்கா அண்ணனுக்குப் போனில் சொல்லியிருந்தார், வரச் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"இந்த உடம்போட எதுக்கு வந்த?" என்றார் அக்கா.

"நீ வருவன்னு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது?" என்றவர், தங்கையின் ஈரத் தலையைத் தன் துண்டால் துவட்டத் தொடங்கினார். அக்கா, விசில் ஊதியே பழகிய அந்த அக்கா, குழந்தைபோல் தலையைக் குனிந்து கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் பிழைத்து வந்தார். அக்காவும் அதற்குப் பிறகு புதுச்சேரிக்குப் பலமுறை போனார், எல்லாம் பஸ்ஸில்தான்.

என் இடது கை இன்றும் தோளுக்குமேல் உயராது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. வாழ்நாளெல்லாம் ஏங்கிய ஊர் கண்ணெதிரே தெரியும்போது, ஒருவர் எனக்காகப் படகைத் திருப்பினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.