சிட்டமேட்டுப் பாஞ்சாலி

பாஞ்சாலி வாழ்க்கைப்பட்டு வந்தபோது சிட்டமேடு தனி ஊர். கருமணலைக் காய்ச்சி இரும்பு எடுத்தவர்கள் கழித்துக் கொட்டிய சிட்டம் ஊருக்கு நடுவே மேடாகக் குவிந்து கிடந்தது. உலைகள் அவிந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

மேட்டையும் ஊர்க்காரர்களே தீர்த்தார்கள். மலை ரோட்டுக்கு ஜல்லி வேண்டும் என்று காண்டிராக்டர் வந்தபோது ஊரே சம்மட்டியும் கூடையுமாக இறங்கியது. பாஞ்சாலி மூன்று வருஷம் சிட்டம் சுமந்தாள். அந்த ரோட்டில்தான் பஸ் வந்தது, கடைகள் வந்தன, பக்கத்திலிருந்த ஜமுனாமரத்தூர் நீண்டுகொண்டே வந்து சிட்டமேட்டை விழுங்கியது. ரேஷன் கார்டில் இப்போது வெறும் ஆறாவது வார்டு.

பட்டா மட்டும் ஒரு வீட்டுக்கும் வரவில்லை. போன வருஷம் சர்வேயர் குணசீலன் அளக்க வந்தார்.

“ரொம்ப நாளா இருக்கீங்கன்றதுக்கு ருசு இன்னாம்மா இருக்கு?”

காகிதம் ஏது? பாஞ்சாலி அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். மாட்டுத் தொட்டியோரம் கறுத்த உலைச்சுவர், அதில் துருத்திக் காற்று உலைக்குள் போவதற்கு வைத்த மண்குழாய்.

“மாமனாரோட தாத்தா கட்டுனது சார். தெருவுல எங்க தோண்டுனாலும் சிட்டம்தான் வரும். நாங்க இன்னா நேத்து வந்து குந்திக்கினவங்களா?”

அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். பாஞ்சாலி டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் அந்தப் போட்டோவோடு தொல்லியல் துறை ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். பழங்கால இடமாம், பாதுகாக்க வேண்டுமாம். தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது, புதிதாக ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. ‘சிட்டமேடு’ என்று நீல போர்டு ஒன்றும் நட்டுவிட்டுப் போனார்கள்.

வீடு கட்டச் செங்கல் இறக்கி வைத்திருந்த பக்கத்து வீட்டு அம்சவல்லி வேலியோரம் வந்து நின்றாள்.

“பெருமையா கூட்டிக்கினு போயி காட்டுனியேக்கா. டீ வேற. உன் வாய்க்குத்தான் போர்டு வெச்சிருக்காங்க, பாரு.”

அதோடு பேச்சு நின்றது. பாஞ்சாலி குழாயடிக்கு வந்தால் மற்ற குடங்கள் நகர்ந்துகொண்டன.

ஐப்பசி மழைக்காற்றில் பாஞ்சாலி வீட்டுக் கூரைத் தகடு பெயர்ந்தது. தார்ப்பாயை விரித்து, அது பறக்காமலிருக்கக் கொல்லையிலிருந்து ஒரு சிட்டக் கட்டியைத் தூக்கினாள். புதிதாகப் போட்டிருந்த வாட்ச்மேன் ஓடிவந்தான்.

“எறக்கும்மா! அதெல்லாம் தொடக்கூடாது.”

“மீதியெல்லாம் ரோட்டுக்கடியில கீது. போய்த் தோண்டிக் காவல் காத்துக்க, போ.”

சொல்லிவிட்டாளே தவிர, கட்டியை இறக்கித்தான் வைத்தாள். நனைந்துகொண்டு நின்றாள்.

அம்சவல்லி தன் வாசலில் இருந்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“என் செங்கல்ல எடுத்து வை. இனிமே அது வேற எதுக்கு ஆவப்போவுது?”