பிரிக்காத பெட்டிகள்

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில், நான் வருவதைப் பார்த்தால் குப்பைக் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. பால் கவரை அலசிக் காயவைக்காமல் போட்டால் கதவைத் தட்டிக் கேட்பவள் நான். வீடுவீடாகச் சேரும் கவர்களை ஒரு சிறு ஆலைக்காரர் சனிக்கிழமைதோறும் எடுத்துப்போய், உருக்கி மணிமணியாக்கி, வாளியும் தொட்டியும் செய்பவர்களுக்கு விற்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. என் கணவரோ பிஸ்கட் கவரைச் சுருட்டி சோபா இடுக்கில் செருகிவிட்டு, நான் கண்டுபிடிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டு, வீட்டிலேயே டயாலிசிஸ் தொடங்கினோம். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் பழைய நீரை வடித்துவிட்டு, பையில் வரும் மருந்துநீரை ஏற்ற வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. மாதாமாதம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கூடத்தில் சுவரோரம் அடுக்கினோம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே அத்தனையும் பிளாஸ்டிக். எனக்கு அதன் மேல் ஒரு நாளும் கோபம் வரவில்லை. அடுத்த மாதத்துப் பெட்டிகள் வந்தால் அடுத்த மாதமும் அவர் இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

உபயோகித்த பையும் குழாயும் மஞ்சள் கவரில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவற்றை எரிக்கத்தான் முடியும். பையின் வெளியுறை மட்டும் சுத்தமான, கெட்டியான கவர். நீர் இறங்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரே கத்தரிக்கோலை எடுத்து, லேபிளை வெட்டிவிட்டு, உறையைத் துடைத்து மடித்துவைப்பார். நான் சொல்லவே இல்லை. மாடவீதியெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த நாற்காலியில் செய்ய வேறு வேலை இருக்கவில்லை. எரிக்கப் போகிற பைக்கும் ஒரு வழி கண்டுபிடியேன் என்று கிண்டல் வேறு செய்வார்.

சிறுநீரகத்துக்கு அழைப்பு வரவில்லை. காய்ச்சல் வந்தது. வயிற்றுக்குள் தொற்று என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு, பிரிக்காத பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று விநியோகிப்பவருக்குப் போன் செய்தேன். வீட்டுக்குள் வந்த சரக்கை எடுக்க விதியில்லை, நீரைக் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போட்டுவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பால் கவருக்கு ஊரைக் கூட்டுபவள் இதைக் கொட்டுவேனா? டயாலிசிஸ் நர்ஸிடம் சொன்னேன். அவர் டாக்டரைக் கேட்டுவிட்டு, அதே மருந்துநீர் ஏற்றும் ஒருவர் ஆதம்பாக்கத்தில் இருப்பதாகச் சொல்லி, அவர் மனைவியை அனுப்பினார்.

அந்தப் பெண் ஆட்டோவில் வந்தாள். வாட்ச்மேன் பெட்டிகளை ஏற்கெனவே கீழே இறக்கிவைத்திருந்ததால் அவள் மேலே வரவில்லை. கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்க்கவுமில்லை. பொட்டை எடுக்கக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் நானும் எப்போதும்போலத்தான் இருந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் தேதியைப் பார்த்து ஏற்றி முடித்ததும், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாருக்குக் கிட்னி கெடச்சிட்ச்சாம்மா?"

முகம் கொள்ளாத சிரிப்பு. அந்த வீட்டில் இனி தேவைப்படாது என்று மட்டும் நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும். டயாலிசிஸ் நடக்கிற வீட்டில் பெட்டி மிஞ்சுகிறது என்றால், எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒன்றுதான் தோன்றும். நாங்களும் அப்படித்தான் கனவு கண்டோம். மிச்சப் பெட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்றுகூட ஒரு நாள் பேசினோம்.

"கெடச்சிருச்சும்மா" என்றேன்.

"இப்ப நல்லா கீறாரா?"

"நல்லா இருக்காரு. உன் வீட்டுக்காரருக்கும் சீக்கிரம் கெடைக்கும்னு சொல்லு."

அவள் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, வீட்டுக்குப் போனதும் முதலில் இதைத்தான் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவர் பிழைத்து வந்திருந்தால் எப்படி நின்றிருப்பேனோ, அப்படியே சிரித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அழுகை பிறகுதான் வந்தது.